சீட்டு இல்லப்பா, கார்டு

சேலியமேடு,
தை மாதம் 12

அன்பு மகள் அருள்மொழிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். நீ அங்கே நன்றாக இருக்கிறாய் என்பதை உன் வாட்ஸ்அப் படம் மாறுவதை வைத்துத் தெரிந்துகொள்கிறோம். போன மாதம் பச்சைக் குல்லா போட்டிருந்தாய், இந்த மாதம் பனியில் நின்று சிரிக்கிறாய், அதனால் நலம் என்று நாங்களே முடிவு பண்ணிக்கொண்டோம். இந்தக் காலத்தில் கடிதம் எழுதுகிறாரே என்று சிரிக்காதே. போன் போட்டால் டூட்டி என்கிறாய். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் ரெண்டு நீலக் கோடு விழுகிறது, பதில் விழுவதில்லை. காகிதமென்றால் எழுதி முடிக்கிறவரைக்கும் நீ குறுக்கே பேச முடியாது, நானும் கோபத்தில் பாதியில் வைத்துவிட முடியாது.

கார்த்திகை வெள்ளத்தில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் நின்றதை அம்மா உனக்கு வீடியோவில் காட்டினாள். சம்பா நட்டது முழுக்க அழுகிவிட்டது. அதிகாரிகள் வந்தார்கள், போட்டோ எடுத்தார்கள், போய்விட்டார்கள். இப்போது நவரைப் பட்டத்துக்கு நெல் விதை விட்டிருக்கிறேன், கிளம்பி வருகிறது. உன் அறையில் கட்டிலுக்கடியில் இருந்த நோட்டுப் புத்தகமெல்லாம் ஊறிக் கூழாகப் போய்விட்டது. பரண்மேல் இருந்த பிஸ்கட் டின் மட்டும் நனையவில்லை. உன் பயில்வான் கார்டு டின். அம்மா ஆசையாகத் திறந்து காட்டியபோது நீ சொன்னது எனக்குப் பக்கத்திலிருந்து நன்றாகக் கேட்டது. "அத இன்னுமா வச்சிருக்கீங்க? யாருக்குனா குடுத்துடும்மா. ரூமையும் காலி பண்ணிடுங்க, எனக்கு அங்க ஒண்ணும் வேணாம்" என்றாய். அம்மா சரி சரி என்று தலையாட்டினாள். போனை வைத்துவிட்டு அந்த ஈரக் கட்டில்மேலேயே உட்கார்ந்துகொண்டாள். ஆறு வருஷமாக வராத பெண் அறையைக் காலி பண்ணச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எட்டாவது படித்தவளுக்குத் தெரியாதா.

மறுநாள் நீ இங்கிலீசில் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தாய். பக்கத்து வீட்டு சுகுமார் மகள் தென்றல் ஐந்தாவது படிக்கிறாள், அவளைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். வேண்டாத கார்டுகளை வைத்து என்னவெல்லாம் பண்ணலாம் என்று பதினைந்து யோசனையாம். ஆறு வருஷத்தில் நீ எங்களுக்கு அனுப்பியதிலேயே நீளமான எழுத்து அதுதான், அதையும் யாரோ எழுதியிருக்கிறார்கள். புத்தகத்தில் அடையாளம் வைக்கலாமாம். நம் வீட்டில் இருக்கிற புத்தகம் பஞ்சாங்கமும் நிலத்துப் பட்டாவும்தான். காபி டம்ளருக்கு அடியில் வைக்கலாமாம். தரையில் உட்கார்ந்து குடிக்கிறவனுக்கு டம்ளருக்கு அடியில் அட்டை எதற்கு. பரிசுப் பொட்டலத்தின்மேல் பெயர் எழுதி ஒட்டலாமாம். யார் யாருக்குப் பரிசு கொடுக்கிறோம் என்று நீயே சொல். ஆனாலும் நீ சொல்லிவிட்டாயே என்று ஒவ்வொன்றாகச் செய்ய ஆரம்பித்தேன். வேறு எப்போதாவது நீ என்னை ஏதாவது செய்யச் சொல்லியிருக்கிறாயா?

மினுமினுக்கிற கார்டுகளில் இருபதை ஓட்டை போட்டு நூலில் கோத்து நாற்றங்காலுக்கு மேலே கட்டினேன். வெயிலில் பளிச் பளிச்சென்று அடித்தது, குருவியும் புறாவும் ரெண்டு நாள் கிட்டே வரவில்லை. மூன்றாம் நாள் அந்த நூல்மேலேயே வரிசையாக உட்கார்ந்து விதை முளையைத் தின்றன. உன் பயில்வான்கள் பார்த்துக்கொண்டு தொங்கினார்கள். அம்மா ரெண்டு கார்டை எடுத்துக் கிரைண்டரில் மாவு வழிக்க வைத்துக்கொண்டாள், கடையில் விற்கிற பிளாஸ்டிக்கைவிட இது நன்றாக வழிக்கிறது என்று சொல்கிறாள், இது உன் பட்டியலில் இல்லை, வேண்டுமானால் சேர்த்துக்கொள். ஒன்று பீரோ காலுக்கு அடியில் போயிற்று. பால்வாடி டீச்சர் வைஜெயந்தி வந்து ஒரு கட்டு வாங்கிப் போனது. எடை குறைவான ஆளிலிருந்து எடை கூடின ஆள்வரைக்கும் பிள்ளைகளை அடுக்கச் சொல்லி நம்பர் கற்றுக்கொடுக்கிறதாம். எங்கள் வகுப்பில் இப்போதெல்லாம் யாரும் அழுவதே இல்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னது. நான் சிரிக்கவில்லை. அந்தக் கார்டுக்கு அழுத ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும்.

இதற்குமேல் சுற்றி வளைக்க எனக்கு இஷ்டமில்லை. தீபாவளிக்கு முன்னால் போனில், எப்போது வருகிறாய் என்று நான் கேட்டதற்கு நீ என்ன சொன்னாய்? "சீட்டாடற பொண்ணு அங்க வந்து இன்னா பண்ணப் போறேன்?" என்றாய். சொல்லிவிட்டுச் சிரித்தாய். எனக்குக் கோபம்தான் வந்தது, பொய் சொல்லமாட்டேன். இத்தனை வருஷம் கழித்துமா அதையே பிடித்துக்கொண்டிருக்கிறாள், படிக்க வைத்தது ஞாபகம் இல்லை, நர்ஸ் வேலைக்கு அனுப்ப அலைந்தது ஞாபகம் இல்லை, அடித்தது மட்டும் ஞாபகம் இருக்கிறதா என்று உன் அம்மாவிடம் கத்தினேன். அவள் துவைத்த துணியை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள். அப்படிப் போனால் எனக்கு இன்னும் எரியும் என்று அவளுக்குத் தெரியும்.

உனக்குத் தெரிந்த கதைதான், என் பக்கத்திலிருந்து ஒரு தடவை கேள். உன் பெரியப்பா அரிகிருஷ்ணன் ஏரிக்கரை நிலத்தைச் சீட்டாட்டத்தில் விட்டவர். அந்த வரப்பில் நடந்துதான் இன்றைக்கும் நான் என் வயலுக்குப் போகிறேன், அங்கே யாரோ ஒருத்தன் நெல் நிற்கிறது. சீட்டு என்ற சொல் காதில் விழுந்தாலே எனக்குக் கண் இருட்டும். நீ ஐந்தாவது முடித்த லீவில் டீக்கடை இருசப்பன் நாலு பேர் முன்னால் என்னைக் கூப்பிட்டு, "தணிகைவேலு, உம் பொண்ணு கோயிலுக்குப் பின்னால பசங்களோட குந்திகினு சீட்டு ஆடுது, பெரியப்பன் ரத்தம் போவுமா?" என்றான். கையில் மாட்டுக் கயிறு இருந்தது. அதோடுதான் வந்தேன். நீ என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "சீட்டு இல்லப்பா, கார்டுப்பா" என்றாய். சீட்டுக்கு இங்கிலீசில் கார்டு என்றுதானே எனக்குத் தெரியும். சாராயம் இல்லை, பிராந்தி என்று ஒருத்தன் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. இன்னும் ரெண்டு சேர்த்துப் போட்டேன். தலைமயிரைப் பிடித்துத் தெரு முழுக்க இழுத்துக்கொண்டு வந்தேன். இந்தச் சேர்க்கையே வேண்டாம் என்று கடலூர் ஹாஸ்டலில் ஆறாவது சேர்த்தேன். நீ அயர்லாந்துக்குப் போய் ஆறு வருஷம் என்று ஊரில் எல்லாரும் கணக்குச் சொல்கிறார்கள். இந்த வீட்டைவிட்டுப் போனது பத்து வயதில் என்பது உனக்கும் எனக்கும் உன் அம்மாவுக்கும்தான் தெரியும்.

இதுவரைக்கும் உனக்குத் தெரியும். இனிமேல் சொல்வது உன் அம்மாவுக்கும் தெரியாது. உன்னை அடித்த அன்றைக்குச் சாயந்திரமே மாடு ஓட்டிக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் போனேன். கார்டெல்லாம் அப்படியே மண்ணில் கிடந்தன. குனிந்து ஒன்றை எடுத்தேன். ஸ்பேடு இல்லை, ஆட்டின் இல்லை, ராஜா இல்லை, ராணி இல்லை. ஜட்டி போட்ட பயில்வான் ஒருத்தன் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறான், கீழே உயரம் இவ்வளவு, எடை இவ்வளவு என்று எழுதியிருக்கிறது. எல்லாமே அப்படித்தான். அங்கேயே புரிந்துவிட்டது அருளு. ஒவ்வொன்றாகப் பொறுக்கி வேட்டியில் துடைத்து டின்னில் போட்டுப் பரணில் வைத்தேன். வீட்டுக்குள் வந்தேன், நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய், முதுகில் கயிறு பட்ட தடம் தெரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. ஊர் பார்க்க அடித்தவன் அன்றைக்கே தப்பு என்று சொன்னால் என்னை எவன் மதிப்பான் என்று நினைத்தேன். ஹாஸ்டலில் விட்டுவிட்டுத் திரும்புகிற பஸ்ஸிலும் அதையேதான் நினைத்தேன். தெரியாமல் அடித்தேன் என்று இருபது வருஷம் உன் அம்மாவுக்குச் சொல்லிவந்தேன். அடித்ததுதான் தெரியாமல். அனுப்பியது தெரிந்து.

இதை இப்போது எதற்கு எழுதுகிறேன் என்றால், போன ஞாயிற்றுக்கிழமை ஒன்று நடந்தது. மிச்சமிருந்த கார்டுகளைத் தென்றலுக்குக் கொடுத்துவிட்டேன். அவள் பால் சொசைட்டி வாசலில் இருக்கிற புங்கமரத்தடிக்கு என்னை இழுத்துக்கொண்டு போய் ஆட்டம் கற்றுக்கொடுத்தாள். ஒருத்தர் எடை என்றால் எடையில் யாருக்குப் பெரிய எண்ணோ அவருக்குக் கார்டு. "ரேங்க்ல மட்டும் சின்ன நம்பர் ஜெயிக்கும் தாத்தா, மறந்துடாத" என்று பத்துத் தடவை சொன்னாள், பத்துத் தடவையும் மறந்து தோற்றேன். அந்தப் பக்கம் இருசப்பன் தடியூன்றிக்கொண்டு போனான். இப்போது அவனுக்கு ரெண்டு கண்ணிலும் புரை, ஆனால் வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. நேரே கடைக்குப் போய், "தணிகைவேலு சின்னப் புள்ளைய வச்சிகினு சீட்டு ஆடறான், அண்ணன மாதிரியே ஆயிட்டான் பாரு" என்று சொல்லிவிட்டான். அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த சுகுமார் ஓடி வந்தான். வந்த வேகத்தில் தென்றல் கையைப் பிடித்துத் தூக்கினான், இன்னொரு கையை ஓங்கிவிட்டான். நான் எழுந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினேன், "டேய், சீட்டு இல்லடா, கார்டுடா!"

சொன்ன பிறகுதான் யாருடைய சொல் என் வாயில் வந்தது என்று உறைத்தது. சுகுமார் கீழே கிடந்த கார்டை எடுத்துப் பார்த்தான். "அய்ய, டிரம்ப் கார்டா? நாங்கூட ஆடியிருக்கேன் பெரிப்பா" என்று சிரித்தான். ஓங்கிய கையாலேயே பெண்ணின் தலையைத் தடவி, "ஸாரிடி பாப்பா, அப்பா அவசரப்பட்டுட்டேன்" என்றான். அவ்வளவுதான். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, போப்பா என்று அவனைத் தள்ளிவிட்டு மறுபடி உட்கார்ந்து கார்டைக் கலைத்தாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவன் மானம் எங்கேயும் போகவில்லை, யாரும் அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை, சொசைட்டியில் பால் ஊற்றுகிறவர்கள் பாட்டுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். இந்த ஒரு நிமிஷ வேலையைச் செய்யாமல் நான் இருபது வருஷம் ஓட்டியிருக்கிறேன். அதற்குப் பிறகு என்னால் ஆட முடியவில்லை, வயலைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

உன்னை அடித்தது தப்பு. தப்பு என்று தெரிந்தும் ஹாஸ்டலுக்கு அனுப்பியது அதைவிடப் பெரிய தப்பு. இதை எழுதியதற்காக நீ வரவேண்டும் என்று கேட்கமாட்டேன், கேட்டால் அதற்காகத்தான் எழுதினேன் என்று ஆகிவிடும். எனக்கும் உன்மேல் கோபம் இல்லாமல் இல்லை. ஆறு வருஷம் உன் அம்மாவை ஒரு சின்னக் கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டு போதும் என்று இருக்கிறாயே, அவள் உன்னை ஒரு அடி அடித்ததில்லையே, அவளுக்கு எதற்கு இந்தத் தண்டனை? நான் மாட்டுக் கொட்டகையில் படுத்துக்கொள்கிறேன், நீ வந்து அவளோடு பத்து நாள் இருந்துவிட்டுப் போ. முதலில் கேட்கமாட்டேன் என்றேன், இப்போது கேட்டுவிட்டேன். அடித்துவிட்டுத் திருத்தி எழுத மனம் வரவில்லை, இருக்கட்டும்.

அறையைக் காலி பண்ணச் சொன்னாய், பண்ணிவிட்டேன். கட்டிலை வெயிலில் காயவைத்துத் திரும்ப அங்கேயேதான் போட்டிருக்கிறாள் உன் அம்மா, அதை நான் தடுக்கவில்லை. கார்டெல்லாம் கொடுத்தாயிற்று, இதோடு ஒன்று மட்டும் வைத்திருக்கிறேன். அன்றைக்கு இழுத்துக்கொண்டு வந்தபோது உன் கைக்குள்ளேயே இருந்தது இது. அம்மா முகம் கழுவிவிடும்போது விரலைப் பிரித்து எடுத்து வைத்தாள், நடுவில் மடிந்துபோன கோடு இன்னும் போகவில்லை, பட்டாவுக்குள் வைத்து அழுத்தியும் போகவில்லை. இதை என்ன பண்ணலாம் என்று உன் பதினைந்து யோசனையிலும் தேடிப் பார்த்தேன், இல்லை. உன்னிடமே அனுப்புகிறேன்.

நைட் டூட்டியில் வெறும் காபியைக் குடித்துக்கொண்டு நிற்காதே, வேளைக்குச் சோறு தின்ன வேண்டும் என்று அம்மா மூன்று தடவை எழுதச் சொன்னாள், மூன்று தடவை எழுதியதாக நினைத்துக்கொள். காதைக் குளிருக்கு மூடிக்கொள், சின்ன வயதிலேயே உனக்குக் காதுவலி வரும். பாகூர் மூலநாதர் உனக்கு ஒரு குறையும் வைக்காமல் பார்த்துக்கொள்ளட்டும், எங்கே இருந்தாலும் நிமிர்ந்து இரு.

இப்படிக்கு,
இப்போது ஊரில் சீட்டாடுகிறவன் என்று பெயர் எடுத்திருக்கும் உன் அப்பா,
தணிகைவேல்