பாலு அண்ணா, நாங்கள் கோவா போகிறோம்

உப்புத் தலையோடு வீட்டுக்குள் வந்து, அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டே என் தட்டிலிருந்து மீனை எடுத்துத் தின்னும் என் பாலு அண்ணாவுக்கு,

நீ போனபோதே எழுதியிருக்க வேண்டியது. அப்போது நிலா என் வயிற்றில் இருந்தாள். அழக்கூடாது என்று எல்லாரும் சொன்னார்கள்; நானும் அழாமல் இருந்தே பழகிவிட்டேன். இப்போது அவளுக்கு ஆறு வயது முடியப்போகிறது. உன்னிடம் ஒன்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

புனேயில், ஔந்தில், மூன்றாவது மாடியில் இருக்கிறோம். உன் தொழிலைச் சொன்னால் இங்கே முதலில் சிரிக்கிறார்கள். பாண்டிக்கு வருகிற டூரிஸ்டுகளைப் படகில் முகத்துவாரத்துக்குக் கூட்டிப்போய், அலையில் குளிக்கவிட்டு, முழுசாகத் திருப்பிக் கொண்டுவருவது ஒரு வேலையா என்று. நீ இல்லை என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்தி, கடலிலா என்று கேட்பார்கள். இல்லை, மஞ்சள் காமாலை என்பேன். அவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். கடல் உன்னை ஒன்றும் செய்யவில்லை. பின்னே எனக்கு ஏன் இந்தப் பயம்?

பால்கனிக் கம்பிக்கு உள்ளே இன்னொரு வலை அடித்திருக்கிறேன். பாத்ரூம் பக்கெட்டுக்கு மூடி. கீழே எங்கள் சொசைட்டியில் நீச்சல் குளம் இருக்கிறது. கோடை வகுப்புக்கு எல்லாப் பிள்ளைகளும் போகிறார்கள், நிலாவுக்கு மட்டும் ஒவ்வொரு வருஷமும் காதில் கோளாறு. காதில் ஒன்றும் இல்லை என்று அவளுக்கும் தெரியும். ஸ்கூல் வேன் கொஞ்சம் தாமதமானால் போதும், நான் கேட்டில் தவிப்பதைப் பார்த்து வாட்ச்மேனே நாற்காலி போட்டுவிடுகிறார். அவளைப் பத்திரமாக உள்ளே வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நானும் வெளியே போய் எத்தனை நாளாயிற்று என்று இப்போதுதான் எண்ணிப் பார்க்கிறேன்.

உன் மாப்பிள்ளை ரகுவின் ஆபீசில் எல்லாரையும் குடும்பத்தோடு கோவா கூட்டிப்போகிறார்கள். காற்றடைத்த மிதவையில் வரிசையாக உட்காரும் பனானா போட், பாராசூட்டில் பறப்பது, டால்பின் பார்க்கும் சவாரி என்று ஏகப்பட்டது. வேண்டாம் என்றேன். ரகு குரலை உயர்த்துகிற ஆள் இல்லை. "உன் அண்ணன் ஊருக்கே கடலைக் காட்டினவர். நீ பக்கெட்டுக்கு மூடி போடற. அவர் பாத்தா என்ன சொல்லுவார்?" என்றார்.

அதைத்தான் உன்னிடம் கேட்கிறேன். என்ன சொல்லுவாய்?

அந்தக் கோயம்புத்தூர்ப் பெண்ணை ஞாபகம் இருக்கிறதா? நான் காலேஜில் படித்த சமயம். ஒரு பெண் கூட இருந்தால் வருகிற பெண்கள் கூச்சப்படாமல் படகில் ஏறுவார்கள் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் இழுத்துப்போவாய். நீச்சல் தெரியாதவர்களைப் பற்றி நீ கவலைப்பட்டதில்லை. அவர்கள் உன் கையை விடமாட்டார்கள். கிணற்றில் நீந்திப் பழகியவர்களைத்தான் கண்கொட்டாமல் பார்ப்பாய். அவள் கிணற்று நீச்சல்காரி. நீயும் நானும் மணலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கரையிலிருந்து கடலுக்குள் ஓடும் இழுப்பில் மாட்டிக்கொண்டாள்.

அவள் அம்மா கரையில் நின்று இரண்டு கையையும் நீட்டி, இங்கே வா கண்ணு, அம்மாகிட்ட வா என்று கதறினாள். அதுவும் சொன்ன பேச்சுக் கேட்கிற பெண். அம்மாவைப் பார்த்து நேராக நீந்தியது. நீந்த நீந்தக் கடல் பின்னுக்கு இழுத்தது. கை ஓய ஆரம்பித்துவிட்டது.

தண்ணீரில் பாய்வதற்கு முன் நீ என் பக்கம் திரும்பி, "மதி, அந்தம்மாவ கரையோரமா ஓடச் சொல்லு. அங்கேருந்து கூப்புடச் சொல்லு" என்றாய். நான் அந்த அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன்; அவளும் என் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். அம்மா ஓடின பக்கமே மகளும் திரும்பினாள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பை விட்டு வெளியே வந்தாள். அதற்குள் நீயும் போய்ச் சேர்ந்துவிட்டாய்.

மகளை ஒரு அறை அறைந்துவிட்டுக் கட்டிக்கொண்டு அழுத பிறகு, அந்த அம்மா உன்னிடம் கேட்டாள்: "ஏனுங் தம்பி, நான் கூப்பிட்டது தப்புங்களா?"

"கூப்புட்டது தப்பு இல்லம்மா. நின்ன எடந்தான் தப்பு."

அன்றைக்கு எனக்கு அந்த அம்மா மேல் எரிச்சல்தான் வந்தது. இப்போது அவள் பிடித்த பிடி என் கையில் இருக்கிறது. நீ எப்படி அண்ணா அவளைத் திட்டாமல் இருந்தாய்?

போன வாரம் நிலாவும் பக்கத்து வீட்டு ரியாவும் சோபா மெத்தைகளைத் தரையில் வரிசையாகப் போட்டு பனானா போட் விளையாடினார்கள். கோவாவைப் பற்றி என்னிடம் கேட்பதை நிலா நிறுத்திவிட்டிருந்தாள். அது அவள் கெஞ்சினதைவிட என்னை வாட்டியது. சமாதானமாக இருக்கட்டுமே என்று நானும் ஒரு மெத்தையில் உட்காரப் போனேன்.

"நீ போட்ல வராத. நீ அம்மா இல்ல? அங்க நில்லு," என்று சுவரோரத்தைக் காட்டினாள். "அங்க நின்னு சில்லாவ்."

கத்து என்பதற்கு அவளுக்கு இந்தியில்தான் வார்த்தை வந்தது. கோபமாகச் சொல்லவில்லை, அண்ணா. அவளைப் பொறுத்தவரை விளையாட்டில் அம்மாவுக்கு அதுதான் வேலை.

எனக்கு நீச்சல் தெரியும்டி என்றேன். மெத்தையிலிருந்து இறங்கி என் பக்கம் வந்தாள். பிறகு, சின்னக் குழந்தையிடம் பேசுவதுபோல மெதுவாக, "பொய் சொல்லாதம்மா" என்றாள்.

உன்னோடு பந்தயம் கட்டி முகத்துவாரத்தைக் குறுக்கே நீந்தினவளை என் மகளுக்குத் தெரியவே தெரியாது. எப்படித் தெரியும்? நான்தான் காட்டவே இல்லையே.

அன்று சாயங்காலமே மூன்று பேர் பெயரையும் கொடுத்துவிடச் சொன்னேன். நான் மனசு மாறுவதற்குள் ரகு போன் செய்துவிட்டார். காலையில் பெண்களுக்கென்று குளத்தில் தனி நேரம் உண்டு. துண்டோடு இறங்கிப் போய், படியில் காலை மட்டும் நனைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். மறுநாளும் அப்படியே. வலையை அவிழ்க்க இன்னும் கை வரவில்லை. ஒரே நாளில் மாறிவிட்டேன் என்று உனக்கு எழுதினால் நீ சிரிப்பாய்.

அதனால் பயப்படமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கமாட்டேன். இதற்கு மட்டும் கொடுக்கிறேன்: கோவாவில் நிலா கடலில் இறங்கும்போது நானும் இறங்குவேன். பல் கிட்டித்தாலும் சரி, அவளுக்கு எட்டுகிற தூரத்தில் தண்ணீருக்குள் இருப்பேன். அவள் நம்பவேண்டாம்; பார்க்கட்டும்.

உன் கூடப் பிறந்தவள்,
நிலாவின் அம்மா,
மதி