எங்கள் வீட்டு மழையை நிறுத்திய ஒலிபெருக்கி நிறுவனம்

அனுப்புநர்:
தையற்காரர் (இரவுப் பேருந்து ஓட்டுநரின் கணவர்),
மூன்றாம் மாடி, பின்பக்க வீடு,
ஒலிபெருக்கித் தொழிற்சாலைச் சுற்றுச்சுவரை ஒட்டிய குடியிருப்பு.

பெறுநர்:
அலுவலர் அவர்கள்,
நிறுவனங்களின் காலநிலை உறுதிமொழிகளைச் சரிபார்க்கும் பிரிவு,
சுற்றுச்சூழல் அலுவலகம்.

பொருள்: ஸ்பீக்கர், ஹெட்போன் தயாரிக்கும் நிறுவனம் எங்கள் வீட்டு மழையை நிறுத்திவிட்டு, அதைத் தன் கரியுமிழ்வுக் குறைப்பாகக் காட்டியிருப்பது – நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பொருள் வரியைப் பார்த்துவிட்டு, யாரோ வேலையற்றவன் எழுதியது என்று இந்த மனுவைத் தள்ளிவைத்துவிட வேண்டாம் என முதலிலேயே பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

1. என் மனைவி இரவில் தொலைதூரப் பேருந்து ஓட்டுகிறார். ஊரே எழுந்து பல் துலக்கும்போது வீட்டுக்கு வந்து படுப்பார். எங்கள் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே, சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம், மேற்படி நிறுவனத்தின் டீசல் ஜெனரேட்டர் இருக்கிறது. மின்தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவர் படுக்கும் நேரமும் அது எழும் நேரமும் ஒன்று. ஜன்னல் கம்பி அதிரும், மேசைமேல் தண்ணீர் டம்ளர் அதிரும். அதனால் அதே நிறுவனத்தின் ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி, அதில் மழைச் சத்தத்தை ஓடவிட்டோம். தலைவலியைக் கொடுத்தவர்களிடமே தைலமும் வாங்கியிருக்கிறோம் என்று மனைவி கேலி செய்வார்.

2. அந்த மழையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இலைகள்மேல் விழும் மெல்லிய மழை. மனைவி அதில் உடனே தூங்கிப்போவார். தையல் மெஷினை மிதித்தால் விழித்துக்கொள்வார் என்பதால், நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து காஜா எடுப்பதும் பித்தான் வைப்பதுமாகக் கைவேலையைப் பார்ப்பேன். வெளியே சுட்டெரிக்கும் வெயில், திரை மூடிய அறைக்குள் ஓயாத மழை. கொஞ்ச நேரத்தில் எது உள்ளே, எது வெளியே என்று தெரியாமல் போய்விடும். காயும் துணியை எடுக்க இரண்டு முறை மொட்டை மாடிக்கு ஓடியிருக்கிறேன். வெயிலில் போய் நின்ற பிறகும் முதுகில் ஈரம் பட்டதுபோலவே இருந்தது. பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற தபால்காரர், அதே நிறுவன ஸ்பீக்கரில் கடலலைச் சத்தம் வைத்துக்கொள்வார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அதில் காதை வைத்தால் கடல்மேல் மழை பெய்வது கேட்கும். நாங்கள் சந்தோஷமாக இருந்த காலம் அது.

3. சென்ற கோடையில் ஸ்பீக்கர் தானாகவே ஒரு புதிய மென்பொருளை ஏற்றிக்கொண்டது. அதன்பின், ஒரே மாதிரியான சத்தம் சிறிது நேரம் ஓடினால், கேட்பதற்கு ஆள் இல்லை என்று முடிவுசெய்து அணைந்துவிடுகிறது. பாட்டு என்றால் ஏறும், இறங்கும். மழை என்ன செய்யும், பெய்யத்தான் செய்யும். அது நின்றதும் ஜெனரேட்டர் எங்கள் அறைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். மனைவி கண்ணைத் திறப்பார். சேவை மையத்துக்குத் தொலைபேசி செய்தேன். எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். "நீங்க தூங்குறப்ப ஸ்பீக்கரும் தூங்கிடும் சார். கரண்ட் மிச்சம், பூமிக்கு நல்லது" என்றார். பழையபடி மாற்றித் தரக் கேட்டதற்கு, இது நிறுவனம் அரசுக்குக் கொடுத்த உறுதிமொழி, மாற்ற வழியில்லை என்றார்.

4. உறுதிமொழி என்றதால், தங்கள் அலுவலகம் வெளியிட்டுள்ள அவர்களின் அறிக்கையைப் படித்துப் பார்த்தேன். வாடிக்கையாளர் வீடுகளில் ஸ்பீக்கர்கள் அணைந்து மிச்சமாகும் மின்சாரத்தால் தம் நிறுவனத்தின் கரியுமிழ்வு பாதியாகிவிட்டது என்கிறார்கள். ஜெனரேட்டரைப் பற்றி ஒரே வரி: அவசரத் தேவைக்கு மட்டும். ஐயா, அந்த அவசரம் தினமும் காலையில் வந்து மாலையில்தான் போகிறது. இங்கோ, ஏதாவது ஒரு சத்தம் வேண்டுமே என்று நான் வாஷிங் மெஷினைக் காலியாகச் சுற்றவிடுகிறேன். தபால்காரர் இரண்டு மின்விசிறிகளைச் சுவரைப் பார்த்து ஓடவிடுகிறார். மிச்சமானதாகச் சொல்லும் மின்சாரத்தைவிட அதிகமாகவே எங்கள் இரண்டு வீட்டிலும் செலவாகிறது.

5. சென்ற மாதம் மலைப்பாதை இறக்கத்தில் என் மனைவி ஒரு கணம் கண்ணயர்ந்துவிட்டார். நடத்துநர் தோளைப் பிடித்து உலுக்கியிருக்கிறார். இன்னொரு முறை நடந்தால் மேலிடத்தில் சொல்லாமல் இருக்க முடியாது என்றும் சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது. இதை என்னிடம் சொன்னபோது மனைவி அழவில்லை. "ரோட்டுல மழை பெய்யிற மாதிரி இருந்துச்சுங்க. அவ்ளோ நல்லா இருந்துச்சு" என்றார். ஒரு பேருந்து நிறைய ஜனங்கள் அவரை நம்பித்தான் பின்னால் தூங்குகிறார்கள்.

6. சென்ற வாரம் தங்கள் ஆய்வுக் குழு தொழிற்சாலைக்கு வந்தது. அன்று காலை ஜெனரேட்டர் எழவில்லை. ஸ்பீக்கரையும் வாஷிங் மெஷினையும் நான் தொடவில்லை. படுத்த மனைவி புரண்டுகூடப் படுக்கவில்லை. பித்தானையும் ஊசியையும் கீழே வைத்துவிட்டு, அவர் மூச்சுவிடுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அந்தச் சத்தத்தை இந்த வீட்டில் நான் அதுவரை கேட்டதே இல்லை. மாலையில் அவராகவே எழுந்து ஜன்னலைப் பார்த்தார். "இவ்ளோ அமைதியா இருக்கே, யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டார். இல்லை, ஆய்வுக்கு வந்திருக்கிறார்கள் என்றேன். மறுநாள் ஜெனரேட்டர் வழக்கம்போல எழுந்துவிட்டது.

ஆகவே, எங்கள் வீடுகளில் மிச்சம் பிடித்ததாகச் சொல்லும் பகுதியை அறிக்கையிலிருந்து நீக்கவும், ஜெனரேட்டர் கக்கும் புகையை அதில் சேர்க்கவும், ஜெனரேட்டரை நிறுத்தவும் உத்தரவிட வேண்டுகிறேன். கோப்பு நகர்ந்து, கையெழுத்தாகி வர நாளாகும் என்பது எனக்குத் தெரியாததல்ல. அதுவரை தாங்கள் ஒரு சிறு தயவு செய்ய வேண்டும். நாளை ஆய்வுக்கு வருகிறோம் என்று தினமும் மாலையில் அந்த நிறுவனத்துக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். தாங்கள் நேரில் வர வேண்டியதில்லை. என் மனைவி தூங்கிவிடுவார்.

மரியாதைக் குறைவாக ஏதும் எழுதிவிடவில்லை என்ற நம்பிக்கையுடன்,

(ஒப்பம்)
மனுதாரர்

இடம்: படுக்கையறைத் தரை
நாள்: திங்கட்கிழமை, நண்பகல், ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது