மேட்டில் நின்றவர்

கும்மிடிப்பூண்டி
திங்கள்

சாராளுக்கு,

நீ பொன்னேரிக்குப் போன பிறகு நேற்றுதான் நம் பையன் ஸ்டீவன் என்னிடம் வந்தான். சின்ன வயதில் நான் உயிராய்ப் பார்த்த அந்தக் காட்டுப் படத்தைப் போட்டேன். அதில் வரும் அப்பாதான் வெள்ளத்தில் பிள்ளைகளைச் சுமந்து கரையேற்றுவார் என்று உங்களிடம் எத்தனை முறை அளந்திருப்பேன்!

படத்தில் சுமந்தது அம்மா. அப்பா மேட்டில் நின்று கத்துகிறார்.

"இன்னா நைனா, அவரு சும்மா நின்னுகினு கீறாரு?" என்றான் ஸ்டீவன்.

போன மழையில் நீ அவனைத் தோளில் ஏற்றி இடுப்பளவுத் தண்ணீரில் வந்தபோது, நான் எதிர்வீட்டு மாடிப்படியில் நின்றிருந்தேன். அதைக் கேட்டுவிடுவானோ என்று ரிமோட்டைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அவனே சொன்னான்: "பாவம், அவருக்கு நீச்சல் தெரியாது போல."

எனக்கு நீச்சல் தெரியும் என்று நீ இன்னும் அவனிடம் சொல்லவில்லை போலிருக்கிறது.

நானும் சொல்லவில்லை.

உன் பிள்ளையின் அப்பா