புற்று என்று ஒரு சொல்

வெயில் எட்டாத இடத்தில் இருக்கும் என் அக்காவுக்கு,

நேற்றும் கனவில் வந்தாய். உச்சி வெயிலில், முக்காடு இல்லாமல், ஸ்ரீவைகுண்டத்து அணைமேல் நடந்துகொண்டிருந்தாய். உன் முகத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. கூப்பிட்டேன், வாழைத் தோட்டங்களுக்குள் மெல்ல இறங்கிப் போய்விட்டாய். அங்கே வெயில் சுடுவதில்லையா அக்கா?

உன் கன்னத்தில் கட்டி கிளம்பியபோது, பாளையங்கோட்டை டாக்டர் "இது புற்று" என்று அப்பாவிடம் ஒரு சொல் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நம் வீட்டில் புற்று என்றால் பாம்புப் புற்றுதானே. நாகதோஷம் என்று முடிவு கட்டினார்கள். ஞாயிறுதோறும் உன்னைப் புற்றருகே வெயிலில் நிறுத்திப் பால் ஊற்றினார்கள். பிஞ்சிலிருந்தே வெயில் பட்டால் கொப்பளித்த உடம்பு உன்னுடையது. பதினாலு வயதில் போய்விட்டாய்.

நீ போய்ப் பல வருடம் கழித்து, நான் வளர்ந்தபின், அந்த டாக்டரிடமே போய்ச் சண்டை போட்டேன். அப்போதுதான் வாய் திறந்தார். பிறவியிலேயே வெயிலைத் தாங்காத தோலாம். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சிறுவயதிலேயே புற்றுநோய் வருமாம். நெருங்கிய சொந்தத்தில் கட்டியவர்களின் பிள்ளைகளிடம்தான் அதிகம் காணப்படுகிறதாம். அம்மாவுக்கு அப்பா சொந்தத் தாய்மாமன் அல்லவா? ஏன் அப்படிக் கட்டினீர்கள் என்று அப்பாவிடமே கேட்டேன்.

"பின்ன, அசல்ல கட்டியிருந்தா வயலு கைவிட்டுப் போயிருக்குமில்லாலே?" என்றார்.

நிலம் வெளியே போகக் கூடாதென்று ரத்தத்தை உள்ளேயே சுற்ற விட்ட குடும்பம் நம்முடையது.

இப்போது, நீ போனபின் பிறந்த நம் கடைக்குட்டி செல்லத்துக்கும் கன்னத்தில் எள் தூவியதுபோல் புள்ளிகள். போன ஞாயிறு அம்மா அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு பால்சொம்போடு கிளம்பினாள். வாசலில் மறித்தேன்.

"வழிய விடுலே. நாகம்மை கோவம் தீர வேண்டாமா?"

"டாக்டர் சொன்னது அந்தப் புத்து இல்லம்மா. அக்கா மூஞ்சியில இருந்துச்சே, அதுக்குப் பேருதான் புத்து. வெயிலு பட்டா இவளுக்கும் வரும்."

அம்மா என்னையே பார்த்தாள். "அப்பம், அவள வெயில்ல நிறுத்தினது நாந்தானாலே?"

எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறவன் நான். அன்று மட்டும் துண்டை எடுத்துச் செல்லத்தின் முகத்தை மூடினேன். நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

அவள் செல்லத்தை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய் ஒவ்வொரு சன்னலாகச் சாத்தினாள். பகலெல்லாம் வீடு இப்போது ஆற்றின் அடிபோல் இருண்டு கிடக்கிறது. செல்லம் அதற்குள் மீன்போலத் திரிகிறாள். "வெளிய எப்பம்ணே போவோம்?" என்று கேட்டபடியே இருக்கிறாள். அந்தி சாய்ந்ததும் தோளில் தூக்கிப் போகிறேன்.

அவளைப் பிழைக்க வைப்பேன் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை அக்கா. ஆனால் வெயில் தாழும்வரை அவளுக்குக் கதவாக நிற்பேன். மாமன் மகளை எனக்குக் கட்டிவைக்கப் பேசுகிறார்கள். மாட்டேன் என்பேன்; அந்த வழக்கம் என்னோடு நிற்கும். அம்மா மறுபடி கேட்டால், "நமக்கு யாரும் புரியும்படி சொல்லலம்மா" என்பேன். அது பொய்யும் இல்லை.

உன் தம்பி, செல்லத்தின் அண்ணன்,
நடராசன்