வீட்டில் பட்ட காயம்

ஆகஸ்ட் 5, திங்கள்

ஹைதராபாத் டிராஃபிக்கில் கொண்டாப்பூரிலிருந்து மல்லாபூர் போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விட்டது. எங்கள் சட்டக் கல்லூரியின் இலவச சட்ட உதவி மையத்தில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் செல்லம்மா அக்காவின் கேஸ் என் தலையில். பிளாஸ்டிக் தொழிற்சாலையில் மெஷின் அவருடைய வலது கையில் பெருவிரலை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. வேலையில் பட்ட காயம் என்று நிர்வாகம் எழுதிக் கொடுத்தால் பென்ஷன் கிடைக்கும். அவர்களோ வீட்டில் பட்டது என்று சாதிக்கிறார்கள்.

“கோர்ட்டு நக்கோம்மா, வேணாம். அங்கதான் பட்டுச்சுன்னு எழுதிக் குடுத்தா போதும்,” என்றார் செல்லம்மா அக்கா.

பக்கத்து அறை லலிதா அக்காவுக்கும் அதே தொழிற்சாலையில்தான் வேலை. கண்ணால் பார்த்தவர். செல்லம்மாவுக்குத் தலை வாரிவிட்டபடியே நடந்ததை எல்லாம் சொன்னார்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

நிர்வாகத்துக்குக் கடிதம் போய்விட்டது. கல்லூரி லெட்டர்ஹெட், சட்டப் பிரிவுகள், நேரில் பார்த்த லலிதாவின் பெயர் — எதையும் விடவில்லை. பேராசிரியர் பாராட்டிக் கையெழுத்துப் போட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆகஸ்ட் 13

பதில் இல்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

லலிதாவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

சாட்சி பெயரை எழுத வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள், எழுதினேன். எழுதலாமா என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கலாம் என்றேன். லலிதா தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். செல்லம்மாவின் தலை வாராமல் கிடந்தது.

ஆகஸ்ட் 20

என்னடி பண்ணி வச்சிருக்க, ரோகிணி என்று என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ரெண்டு குடும்பம்டி.

ஆகஸ்ட் 24, சனி

செல்லம்மா தானே போய் சூப்பர்வைசர் கோவிந்தராஜனிடம் பேசி முடித்துவிட்டார். காயம் வீட்டில் பட்டது என்று எழுதிக் கொடுத்தால் லலிதாவைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களாம். பென்ஷன் கிடைக்கவே கிடைக்காது என்று கெஞ்சினேன்.

“ஹவ், ஆமா, தெரியும். அவ பிள்ளைங்க மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது? நீயே எழுதிடும்மா.”

பேராசிரியரிடம் சொன்னேன். சமரசமாக முடிந்தது என்று பதிந்துவிடு, நல்ல விஷயம்தானே என்றார். அழுகை வந்துவிட்டது.

ஆகஸ்ட் 26, திங்கள்

எழுதினேன். தொழிற்சாலை ஆபீசில் கோவிந்தராஜன் மைப்பெட்டியை நகர்த்தி வைத்தார். செல்லம்மா பெருவிரலை அழுத்தி வைத்தார். பிறகு என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்:

“எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்னு கீழ எழுதும்மா.”

அதெல்லாம் வேண்டாம் என்றார் கோவிந்தராஜன். நான் எழுதவில்லை. பேனாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.