ஷாகிராவை மேடையில் ஏற்றினார்கள்

ஞாயிறு, இரவு.

மாரத்தானை ஓடி முடித்துவிட்டேன். எங்கள் ஊர் கம்பத்தில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்ட நிதி திரட்டும் ஓட்டம். என் மகள் ஷாகிராவால் நடக்க முடியாது. அதனால்தான் நானும் பெயர் கொடுத்தேன். விடியுமுன் எழுந்து, திராட்சைத் தோட்டங்களின் ஓரமாக மாதக்கணக்கில் ஓடிப் பழகினேன்.

முடிவுக் கோட்டருகே அவள் எனக்காகக் காத்திருப்பாள் என்ற நினைப்பில்தான் கடைசித் தூரத்தைக் கடந்தேன். போய்ப் பார்த்தால், அவளை வீல்சேரோடு மேடையில் ஏற்றியிருந்தார்கள். அமைப்பாளர் மைக்கில், “பாவம், இந்தப் பிள்ளையப் பாருங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டம் உச்சுக்கொட்டியது. சிலர் செல்போனில் படம் பிடித்தார்கள். ஷாகிரா தலை குனிந்து துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

நான் மேலே ஏறி அவளை இறக்கினேன். அமைப்பாளருக்குக் கோபம் வந்துவிட்டது.

“பாத்தாத்தான பாய் சனத்துக்கு மனசு எரங்கும்? ஒங்க பிள்ளைக்கும் சேத்துத்தான பாடுபடுறோம்” என்றார்.

நான் வீல்சேரைத் தள்ளிக்கொண்டு கூட்டத்தை விட்டு வெளியே வந்தேன்.

வீட்டில் சாப்பிடும்போது ஷாகிரா கேட்டாள்.

“அத்தா, இனியும் ஓடுவீகளா?”

“நீ சொன்னா ஓடுறேம்மா.”

“ஓடுங்க. எனக்காக ஓடுறேன்னு மட்டும் யாருகிட்டயும் சொல்லாதீக.”

சரி என்றேன். அவள் தூங்கிவிட்டாள். மனைவி என் காலுக்குத் தைலம் தேய்க்க வந்தாள். வேண்டாம், வலித்துவிட்டுப் போகட்டும் என்றேன்.