கேட்டுவிட்டுக் காத்திரு

அன்பு மகளுக்கு,

நாங்கள் இருவரும் உன் மகள் வாலுவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பியே எழுதத் தொடங்குகிறேன். உன் அம்மாவின் முழங்கால் வலி மட்டும் அப்படியேதான் இருக்கிறது. சொல்ல வந்தது வேறு. போனில் சொன்னால் வாலு பக்கத்தில் இருப்பாள், நீயும் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அழுவாய், அதனால்தான் கடிதம்.

போன வாரம் நீ வீடியோவில் கூப்பிட்டு, என்னடி சாப்பிட்டே என்று திரும்பத் திரும்பக் கேட்டும் வாலு வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்து, கடைசியில் போன் திரையில் விரலால் உன் முகத்தைத் தள்ளிவிட்டாளே, உன்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டாய். கோபமில்லை, கண்ணு. டூட்டிக்குப் போகுமுன் நீ கதை சொல்லி வீடியோவாகப் பதிந்து அனுப்புகிறாயே, அதைப் போட்டுத்தான் அவளுக்குச் சாப்பாடு ஊட்டுகிறோம். கார்ட்டூனைவிடப் பெற்றவள் முகம் மேல் என்று எங்களை நாங்களே மெச்சிக்கொண்டோம். ஊட்டி முடித்ததும் அவளைப் போன் முன்னால் விட்டுவிட்டு நான் பேப்பர் படிப்பேன், உன் அம்மா துணி மடிப்பாள். கதையில் நீ, முயல் எங்கே போச்சு சொல்லு என்று கேட்பாய், அவள் யோசிப்பதற்குள் நீயே சொல்லிவிடுவாய். அம்மா என்றால் பதில் சொல்லத் தேவையில்லாத ஆள் என்று குழந்தை கற்றுக்கொண்டுவிட்டது.

இது உறைத்தபின் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நீ கேட்கும் இடத்தில் நிறுத்தி, அம்மா கேக்கிறாளே சொல்லு என்பேன். கைய எடு தாத்தா, படம் ஓடட்டும் என்று விரட்டினாள். பெரிய வாத்தியார் வந்துட்டார் என்று உன் அம்மாவும் கிண்டல் செய்தாள். மெல்ல மெல்லப் பதில் வந்தது, புதருக்குள்ள என்று ஒருநாள் கத்தினாள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

நேற்று நான் குளித்துவிட்டு வந்து பார்த்தால், அவளே கதையைப் போட்டுவிட்டு, இந்தாம்மா ஆ காட்டு என்று ஆப்பிள் துண்டை உன் வாய்க்கு நேரே நீட்டிக்கொண்டு நிற்கிறாள். நீ பாட்டுக்குக் கதையை முடித்துவிட்டுத் திரையில் அசையாமல் நின்றுபோனாய். துண்டைக் கீழே வைத்தாள். அம்மாவுக்குக் காது கேக்காதா தாத்தா என்றாள்.

இனிமேல் பதிந்து அனுப்பாதே. கொஞ்ச நேரமே பேசினாலும் நீயே கூப்பிட்டுப் பேசு. எங்கள் ஆசி என்றும் உன்னோடு இருக்கும், உடம்பைப் பார்த்துக்கொள். ஒன்றே ஒன்று மறக்காதே: கேட்டுவிட்டுக் காத்திரு, பதில் வரவில்லையே என்று போனை வைத்துவிடாதே. அவள் எதையாவது நீட்டினால் வாயைத் திற.

உன் அப்பா